ஐந்தாம் கூட்டில் திலகவதி

கொழும்புக் கோட்டை, செவ்வாய்க்கிழமை, காலை 5.55

பதுளை ரயில் ஐந்து ஐம்பத்தைந்துக்கு என்று பலகையில் இருந்தது. ஆறு எட்டுக்கு நகர்ந்தது. பதின்மூன்று நிமிடத்தைத் தாமதமென்று எழுதும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. என் ஆசன இலக்கம் சீட்டில் ஒன்றாகவும் பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் வேறொன்றாகவும் இருந்தது. நான் சீட்டின்படி உட்கார்ந்தேன். முப்பத்தாறு வருடம் பதிவாளர் பகுதியில் வேலை பார்த்தவன், கடதாசியை நம்பாமல் வேறெதை நம்புவது?

பையில் மூன்று பொருள்கள் இருந்தன. பிறப்புப் பதிவைத் திருத்தக் கோரும் விண்ணப்பப் படிவம், ஒரு பிறப்புச் சான்றிதழின் பிரதி, ஒரு கடிதம்.

கடிதம் எழுதியவர் பிச்சையம்மா. பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்பவர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் தோட்டத்தில் அப்படிப் பெயர். பிச்சையம்மாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய தாய் முத்தாயிக்கு, லயம் என்ற வரிசை அறைகளை விட்டு வெளியே, ஏழு பேர்ச் நிலத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. தனக்குப் பிறகு வீடு யாருக்கு என்று முத்தாயி பெயர் கொடுக்க வேண்டும். அது பிள்ளையின் பெயராக இருக்க வேண்டும். பிச்சையம்மா ஒரே பிள்ளை. ஆனால் அவருடைய பிறப்புச் சான்றிதழில், தாயின் பெயர் எழுதும் ஐந்தாம் கூட்டில், முத்தாயி இல்லை. திலகவதி என்று இருக்கிறது. தகப்பன் பெயருக்குரிய நான்காம் கூட்டில் ஒரு கோடு மட்டும். முத்தாயிக்கு நெஞ்சு நோய். திருத்த விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்குமுன் அவர் போய்விட்டால் வீடும் போய்விடும்.

“உங்கள் முகவரி பேப்பர் அம்மாவின் பழைய கொப்பியில் இருந்தது. பக்கத்தில், வேலை தெரிந்தவன் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள்” என்று கடிதம் முடிந்திருந்தது.

பேப்பர் அம்மா என்று அந்தத் தோட்டம் அழைத்தது திலகவதியை. அவர் என் பெரியப்பாவின் மகள். எனக்கு அக்கா.

நானுஓயா, பகல் 12.50

வண்டி இங்கே இருபது நிமிடம் நின்றது. பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் நூறு ரூபா. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் நின்று குடித்தேன். அந்தப் பெருமை அதன் ருசியில் தெரியவில்லை. எதிரே இருந்த வெலிமடை வியாபாரி ஒருவர் லீக்ஸ் விலையைப் பற்றித் தொலைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அக்காவை நினைத்தேன். நினைக்காமல் இருப்பதில் எங்கள் குடும்பத்துக்கு நீண்ட பயிற்சி உண்டு.

திலகக்கா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் சேர்ந்தபோது அந்தக் கந்தோரில் வேறு பெண் இல்லை. பெண்கள் கழுவும் இடமும் இல்லை என்று ஊருக்கு எழுதினார். அவருக்குக் கொடுத்த வேலை பெண்கள் பகுதி. தோசை மாவு புளிக்க என்ன செய்யலாம், பிள்ளைக்குச் சளி பிடித்தால் என்ன கொடுக்கலாம். நுவரெலியா மலர்க் கண்காட்சியைப் பற்றி எழுத அனுப்பினார்கள். அவர் கண்காட்சிக்குப் போகாமல் பஸ் மாறி ஊவாப் பக்கம் இறங்கி, லயங்களில் நான்கு நாள் தங்கி, மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதினார். ஒரு அறை, ஒரு அடுப்பு, எட்டுப் பேர் என்று அளந்து எழுதினார். லயத்துக்குள்ளே போய், பாயில் இருந்து, பெண்களிடம் கேட்டு எழுதிய பெண் நிருபர் அதற்கு முன் எனக்குத் தெரிய ஒருவரும் இல்லை. ஆசிரியர் மலர்களைக் கேட்டதாகவும், பிறகு இதையே போட்டதாகவும் சொல்வார்கள்.

பஞ்சம் வந்தபோது அவர் பூனாகலையிலேயே இருந்தார். அங்கிருந்து எழுதிய ஒரு கட்டுரையில், துரை பங்களா மாட்டுக் கொட்டிலில் தவிடு இருக்கிறது, லயத்தில் அரிசி இல்லை என்று ஒரு வரி வந்தது. கொழும்பில் அந்த வரியைப் பலர் வெட்டி வைத்திருந்தார்கள். என் தகப்பனாரும் வைத்திருந்தார். மூன்று மாதத்தில் அதை அடுப்பில் போட்டார்.

ஏனென்றால் வேறொரு செய்தி வந்தது. கலியாணமாகாத திலகவதி தோட்டத்தில் ஒரு பிள்ளை பெற்றுவிட்டார் என்று. பேசியிருந்த கலியாணம் நின்றது. பத்திரிகை அவருடைய கடிதங்களுக்குப் பதில் போடுவதை நிறுத்தியது. பெரியப்பா வீட்டில் அவருடைய படத்தை இறக்கினார்கள். அக்கா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. பண்டாரவளையில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, தோட்ட மக்களுக்குப் பிரஜாவுரிமை விண்ணப்பங்களும் முறைப்பாடுகளும் எழுதிக் கொடுத்தார். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதினார். குழந்தைகளுக்குப் பால்மா தேடி அலைந்தார். கலவர நாள்களில் பாடசாலை மண்டபத்தில் ஓடி வந்தவர்களுக்குச் சமைத்தார். அப்படியே வயதானார், இறந்தார்.

என் பங்கையும் எழுத வேண்டும். உத்தியோகத்தில் சேர்ந்து சில வருடத்தில் பதுளைக்குப் பரிசோதனைக்காகப் போனபோது, அந்தப் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் கூட்டில் பெயர் இருந்தது. கையொப்பம், முத்திரை, திகதி எல்லாம் ஒழுங்கு. ‘விசாரித்தேன், உண்மைதான்’ என்று பெரியப்பாவுக்கு ஒரு தபாலட்டை எழுதினேன். விசாரித்தது என்றால் பதிவேட்டை மட்டும். இருபது மைல் தள்ளி அக்கா இருந்தார், போய்க் கேட்கவில்லை. அந்த அட்டைக்குப் பிறகு வீட்டில் எவரும் சந்தேகப்படவில்லை. அவருடைய மரணச் செய்தி வந்தபோது ஒருவரும் போகவில்லை, நான் உட்பட.

பண்டாரவளை, பிற்பகல் 3.05, மறுநாள் காலை 7.30

விடுதி அறை நாலாயிரத்து ஐந்நூறு, காலைச் சாப்பாடு உட்பட. சுடுநீர் உண்டு என்று சுவரில் எழுதியிருந்தது. எழுத்தில்தான் உண்டு.

காலையில் ஒரு ஆட்டோ பிடித்தேன். தோட்டத்துக்குப் போய், காத்திருந்து, திரும்ப மூவாயிரத்து ஐந்நூறு. ஓட்டியவர் யோகராஜ்.

“பஸ்ஸுல போனா நூத்தி சொச்சம்தாங்க. ஆனா பஸ் விட்ட எடத்துல இருந்து ஐயா நடந்து ஏறணும். ஏறுவீங்களா?” என்று என் கால்களைப் பார்த்தார்.

“ஏறமாட்டன்.”

“அப்ப மூவாயிரத்து ஐந்நூறு நியாயம்தானுங்களே.”

நகரம் முடிந்ததும் பாதை தேயிலைக்குள் புகுந்தது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம், நடுவில் யோகராஜின் கதை. எங்கே போகிறேன் என்று சொன்னதும் வேகத்தைக் குறைத்தார்.

“பிச்சக்கா வீட்டுக்கா? பேப்பர் அம்மா மகதானே அவுங்க.”

“மகள் இல்லையாமே?”

“ஆமாங்க, இல்லைதான். ஆனா மகதான்.” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “எங்க தாத்தா அடையாள அட்டைக்கு அவுங்கதான் எழுதிக் குடுத்தாங்க. நாலு தடவ திருப்பி அனுப்பியிருக்கானுங்க. அஞ்சாவது தடவ அவுங்களே பதுளக் கச்சேரி ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, பெரிய ஐயா மேசைக்கு முன்னால ரெண்டு மணித்தியாலம் நின்னாங்களாம். உக்காருங்கன்னா உக்காரலையாம். ஐயா என்ன வேல பாத்தீங்க?”

“கந்தோர் வேலை” என்றேன். எந்தக் கந்தோர் என்று அவர் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

தோட்டம், காலை 8.50

வீடு சின்னது. இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை, வாசலில் செவ்வந்தி. சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் திலகக்காவின் படம். பெரியப்பா வீட்டில் இறக்கிய அதே படம்தான், சிரிப்பு மாறவில்லை.

பிச்சையம்மா வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தார். முத்தாயி கட்டிலில் சாய்ந்திருந்தார். மூச்சு ஒவ்வொன்றாக எடுத்தார். எண்பதுக்குக் கிட்ட இருக்கும். தன் வயது எந்தக் கடதாசியிலும் சரியாக இல்லை என்று அவரே சொன்னார்.

நான் படிவத்தை விரித்தேன். எது எங்கே எழுதவேண்டும், எங்கே முத்தாயி கைநாட்டு வைக்கவேண்டும், எந்தப் பிரதிகளை இணைக்கவேண்டும் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன். முத்தாயி முழுவதையும் கேட்டார்.

“வைக்க மாட்டேங்க” என்றார்.

“அம்மா, மறுபடியும் ஆரம்பிக்காத” என்றார் பிச்சையம்மா. “அவுங்க கொழும்புல இருந்து வந்திருக்காங்க.”

“எங்க இருந்து வந்தாலும் வித்தது வித்ததுதான். என் பிள்ளைன்னு நானே எழுதிக் குடுத்தா ஒனக்கு ஆகாது.”

“எனக்கு அம்பது தாண்டிருச்சு. இனிமே என்னா ஆகணும்?”

“வாய மூடு.”

எனக்கு விளங்கவில்லை. பிச்சையம்மா தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார். முத்தாயிக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. நாலாவது தங்க வேண்டுமென்றால் வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். திருச்சி, மதுரைப் பக்கமிருந்து கூடவே கொண்டுவந்த வழக்கம். வாங்குகிறவள் ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கி, வளர்க்கச் சொல்லி மறுபடி தாய் கையில் கொடுப்பாள். பெயரும் பிச்சை, குப்பை என்று வைப்பார்கள். முப்பது நாள் வரை யார் கேட்டாலும், வாங்கினவளைத்தான் தாயென்று சொல்ல வேண்டும். அதன் பிறகும், தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டால்தான் பிள்ளை பெற்றவளுடையது. இந்த வீட்டில் பிள்ளை தங்காது என்று லயத்தில் ஒருத்தியும் வாங்கத் துணியவில்லை. அடுத்த அறையில் தங்கிப் பஞ்சத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பேப்பர் அம்மா, நான் வாங்குகிறேன் என்றார்.

“தவிட்டுக்கு எங்க போறது?” என்றார் முத்தாயி. “மனுசனுக்கே ஒண்ணுமில்ல. அந்தம்மா தொரை பங்களா மாட்டுக்காரன்கிட்ட போயி, பால்மா டின்ல ஒரு டின் வாங்கிக்கிட்டு வந்தாங்க. படிச்ச பொம்பள. சீலையெல்லாம் சாணி.”

கொட்டிலில் தவிடு இருந்தது என்று கொழும்பு வெட்டி வைத்த வரி எப்படிக் கிடைத்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எதற்காகப் போனார் என்பதை அவர் எழுதவில்லை.

“அப்புறம்?”

“ஒன்பதாம் நாளு தோட்ட ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா பேர் பதிய வந்தாரு. புது ஆளு, தமிழ்தான், ஆனா நம்ம பழக்கம் தெரியாது. யாரு பிள்ளைன்னு கேட்டாரு. லயமே சேந்து பேப்பர் அம்மா பிள்ளைன்னு சொல்லிருச்சு. நானும்தான் சொன்னேன். வேற என்னா சொல்றது, இன்னும் இருபத்தோரு நாளு இருக்கே? புருசன் யாருன்னாரு. அவுங்களுக்கு ஏது புருசன்னு சிரிச்சோம். எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.”

அவ்வளவுதான் நடந்தது. என் உத்தியோக காலத்தில் பிழையான பதிவுகள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். குடிவெறியில் எழுதியது, தூக்கத்தில் எழுதியது, பழிவாங்க எழுதியது எல்லாம் உண்டு. ஒரு லயமே கூடிநின்று ஒரு பிள்ளை உயிரோடிருக்க வேண்டுமென்று சொன்ன பொய்யை, முத்திரை குத்திய உண்மையாக நான் எங்கள் குடும்பத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

“அக்கா திருத்தப் பார்க்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“பாத்தாங்களே. இதே மாதிரிதான் ஒரு பாரம். பூராத்தையும் எழுதி, என்னையக் கைநாட்டு வைக்கச் சொல்லிக் கைய மையில புடிச்சு வச்சுட்டாங்க. அப்புறம் நிறுத்திட்டாங்க. ரொம்ப நேரம் பாரத்தையே பாத்தாங்க. முத்தாயி, நீயும் ஒன் புருசனும் இந்த நாட்டு ஆள் இல்லன்னு எழுதி வச்சிருக்கான், ஒன் பேர் வந்தா பிள்ளைக்கும் நாடு இல்ல, என் பேர்ல இருந்தா இருக்கும்னு சொன்னாங்க. கிழிச்சு அடுப்புல போட்டாங்க.”

சட்டம் எனக்குத் தெரியும். அந்த நாளில் பிரஜாவுரிமை தகப்பன் வழியாக வந்தது. கலியாணமில்லாமல் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாக. நான்காம் கூட்டில் கோடும் ஐந்தாம் கூட்டில் ஒரு யாழ்ப்பாணப் பெண்ணின் பெயரும் இருந்தால், அந்தப் பிள்ளை பிறந்த அன்றே இந்த நாட்டுப் பிரஜை. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் முழுப் புள்ளி வாங்கியவன். அக்கா அதை ஒரு அடுப்பங்கரையில் கண்டுபிடித்து, அதற்கு என்ன விலையென்று தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டார். எல்லாவற்றையும் எழுதியவர் எழுதாமல் விட்ட செய்தி இது ஒன்றுதான்.

“பிறகு சட்டம் மாறினதே. எல்லாருக்கும் பிரஜாவுரிமை வந்தபிறகாவது?”

“அப்பவும் கேட்டேங்க. தவிட்டக் குடுத்துட்டுப் பிள்ளையத் திருப்பி வாங்கிக்கிறேம்மான்னு கெஞ்சினேன். சிரிச்சாங்க. இன்னும் கொஞ்ச நாளு என்கிட்ட இருக்கட்டும் முத்தாயின்னாங்க.” அவர் மூச்சு வாங்கக் காத்திருந்தோம். “அந்தக் கொஞ்ச நாளுலதான் போயிட்டாங்க. இப்ப யாருகிட்ட வாங்குறது?”

கந்தோரில் ஒரு கோப்பு நகரவில்லையென்றால், யாருடைய கையொப்பம் குறைகிறது என்று பார்ப்பது என் வழக்கம்.

“வாங்கினவர் இல்லாவிட்டால் ஆர் திருப்பிக் குடுக்கலாம்?”

முத்தாயி என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். “அவுங்க கூடப் பொறந்தவுங்க குடுக்கலாம்.”

“நான் தம்பிதான்.”

“இவ்வளவு நாளு எங்க இருந்தீங்க?”

நான் படிவத்தை மடித்து வைத்துவிட்டு, தவிடு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டில் மாடு இருந்தது, தவிடும் இருந்தது. பால்மா டின் ஒன்றும் கிடைத்தது. முத்தாயியை வாசலில் நாற்காலியில் கொண்டுவந்து வைத்தார்கள். எதிர்ப்புறம் நான் நிற்க வேண்டும். பிச்சையம்மா என் பக்கம். நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். யோகராஜ் ஆட்டோவை நிறுத்திவிட்டு முன்வரிசையில் வந்து நின்றார்.

“சேட்டுல விழுகாம புடிங்க ஐயா, ஏந்திப் புடிங்க” என்று ஒருத்தி சொன்னாள்.

நான் ஒரு துண்டை விரித்து ஏந்தினேன். முத்தாயி டின்னைச் சாய்த்தார். தவிடு பாதி நிலத்தில் விழுந்தது. மறுபடி நிரப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இங்கும் குறைபாடுள்ள விண்ணப்பம் ஏற்கப்படுவதில்லை.

“என் பிள்ளைய எனக்குக் குடுங்க சாமி” என்றார் முத்தாயி.

சொல்ல வேண்டிய பதிலை யோகராஜ் என் காதில் சொன்னார். கொடுக்க எனக்கு என்ன உரிமை? திலகக்கா ஒருநாளும் இந்தத் தவிட்டை வாங்கச் சம்மதிக்கவில்லை. நான் அவரிடம் கேட்காமல் செய்த காரியங்களில் இதுவும் ஒன்றாகிறது.

“ஒம் பிள்ளைய நீயே வச்சுக்க ஆத்தா” என்றேன். யாழ்ப்பாணத்து வாயில் அது வழுக்கி விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள். முத்தாயி சிரிக்கவில்லை. ஐம்பது தாண்டிய மகளை இழுத்து மடியில் தலையை வைத்துக்கொண்டு, மகளே என்று ஒருதரம் சொன்னார். ஊரறியச் சொல்வது அதுதான் முதல்தரம் என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொன்னாள்.

பிறகு கேளாமலேயே பெருவிரலை நீட்டினார்.

பதுளை, வியாழக்கிழமை, காலை 10.15

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு முப்பது கிலோமீற்றர்; பஸ்ஸில் பிச்சையம்மாவும் நானும் ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தோம். எல்லவைச் சுற்றி வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் மூட்டைகளுடன் நடந்தார்கள். என் மடியிலும் ஒரு மூட்டை. வாங்கிய தவிட்டைத் தோட்ட எல்லைக்குள் விட்டுவரக் கூடாதாம். கந்தோர் வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார்.

“இது என்ன?”

“தவிடு.”

“உள்ளுக்கு எதுக்கு?”

“என்னுடைய வழக்கில் சாட்சி” என்றேன். அவர் என் நரைமுடியைப் பார்த்து விட்டுவிட்டார்.

கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தர் நல்ல பிள்ளை, வேலை தெரிந்தவர். ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்த்தார். முடிவு கொழும்பிலிருந்து வர ஆறு மாதம் என்றார். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் ஒன்பது என்று சொல்லியிருப்பேன். முத்தாயியின் கைநாட்டு கோப்பில் ஏறிவிட்டது. இனி அவர் மூச்சுக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

உறவினர் அல்லாத இருவர் சத்தியக்கூற்று தரவேண்டும். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரி, கொடுத்துவிட்டார். மற்றவர் நான். விண்ணப்பதாரிக்கும் சாட்சிக்கும் என்ன உறவு என்று ஒரு கூடு இருந்தது. இன்றைய பதிவேட்டின்படி நான் பிச்சையம்மாவின் தாய்மாமன். அப்படி எழுதினால் விண்ணப்பம் தன்னையே மறுத்து, மேசையிலிருந்தே திரும்பி வரும். எழுத வேண்டியது எது என்பதில் எனக்கு ஐயமில்லை. ‘உறவு இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சரியான பதிவுகளில் அது ஒன்று.

பிச்சையம்மா தோளுக்கு மேலாக எட்டி வாசித்தார்.

“அம்பது வருசமா மாமான்னு கூப்புட ஒரு ஆளு இல்ல” என்றார். “கெடைச்சு ஒரு நாளுதான் ஆவுது. அதுக்குள்ள எழுதி ஒழிச்சிட்டீங்களே.”

விளையாட்டாகத்தான் சொன்னார். உத்தியோகத்தர் சிரித்தார். நான் பேனையை மூடினேன்.

பதுளை ரயில் நிலையம், மாலை 5.20

பதுளையோடு தண்டவாளம் முடிகிறது. இங்கே வரும் எந்த வண்டியும் வந்த வழியே திரும்ப வேண்டும். நான் இருக்கும் வெள்ளவத்தையில் ரயில் கடலை ஒட்டி ஓடிக்கொண்டே இருக்கும்; ஒன்று போனால் இன்னொன்று வரும், எவரும் எவரையும் வழியனுப்புவதில்லை. இங்கே ஒருவரை அனுப்ப நாலு பேர் வந்திருந்தார்கள். எனக்கு ஒருவர்.

பிச்சையம்மா கிழங்கு ரொட்டியும் கட்டுச்சம்பலும் பொதியாகக் கொடுத்தார். பக்கத்து ஆசனத்தில் ஏறிய ஹாலிஎலப் பெண்ணொருத்தி அவரைத் தெரிந்தவள் போலும்; ஜன்னல் வழியாக என்னைக் காட்டிக் கேட்டாள்.

“இது யாரு பிச்ச?”

“எங்க மாமா” என்றார் பிச்சையம்மா. “கொழும்புல இருக்காங்க. அம்மாவோட தம்பி.”

எந்த அம்மா என்று அந்தப் பெண் கேட்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகு அவள் என் பக்கம் திரும்பி, “அப்ப முத்தாயி அக்காவுக்கு நீங்க தம்பிங்களா?” என்றாள்.

பிழையான தகவல். அன்று காலையில்தான் அதற்கு எதிராகச் சத்தியம் செய்து கையொப்பமிட்டிருந்தேன்.

“ஓம்” என்றேன்.